முதல் செமினாரா? ஸ்லைடைக் கடைசியில் தொடுங்கள்

"அடுத்த வாரம் ரோல் நம்பர் ஒன்றிலிருந்து பத்து வரை செமினார்" என்று வகுப்பில் அறிவிப்பு வந்த அன்று இரவு பெரும்பாலான மாணவர்கள் செய்வது ஒன்றுதான். லேப்டாப்பைத் திறந்து பிபிடிக்கு டெம்ப்ளேட் தேடுவார்கள். நீலமா, பச்சையா என்று முடிவாவதற்குள் பாதி ராத்திரி போய்விடும். மீதி ராத்திரியில் விக்கிப்பீடியாவிலிருந்து நாலு பத்தி வந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதைத் திரையைப் பார்த்தே வாசிப்பார்கள். வகுப்பு போனைப் பார்க்கும். சார் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார்.

இது சோம்பேறித்தனத்தால் நடப்பதில்லை, வேலையைத் தவறான முனையில் தொடங்குவதால் நடக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செமினார் கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. அங்கிருந்து பார்க்கும்போது தெரிவதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஸ்லைடு இதில் ரொம்ப நேரம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டு இல்லாமல் இதைச் சொன்னால் காற்றில் போய்விடும். அதனால் ஒரே தலைப்பைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலை மாணவருக்கும் உள்ள பாடம். அதில் உங்களுக்கு "சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை" என்று தலைப்பு வந்திருக்கிறது என்று வையுங்கள்.

முதல் வேலை: தலைப்பைக் கேள்வியாக்குவது

"சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை" என்பது மூன்று வாரத்துக்குப் பேச வேண்டிய சங்கதி. ஏரிகள், ஆக்கிரமிப்பு, கடல்நீர் உட்புகுதல், வீராணம், 2015 வெள்ளம் என்று எல்லாம் வந்து நிற்கும். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே போனால் எதுவும் யாருக்கும் நிற்காது. தலைப்பை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். அதற்குள் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. "சார், இந்தத் தலைப்பில் இந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கலாமா?" என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு. அவர்களுக்கும் பத்து செமினாரைக் கேட்டாக வேண்டும் அல்லவா?

நம் எடுத்துக்காட்டுக்கு ஒரு கேள்வி: 2019 ஜூலையில் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த ஒரு ரயில் தண்ணீர் எத்தனை மொட்டை மாடியில் பெய்யும் மழைக்குச் சமம்?

இது நல்ல கேள்வியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வேறு துறையில் படிக்கும் ஹாஸ்டல் நண்பரிடம் கேளுங்கள். அவர் "தெரியலையே, எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டால் அதை வைத்துக்கொள்ளுங்கள். "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனைத் திறந்தால் கேள்வியை மாற்றுங்கள்.

பத்து நிமிஷம் என்பது ஏழெட்டு நிமிஷம்

பத்து நிமிஷம் தருவார்கள். முந்தைய ஆள் இழுப்பார், புரொஜெக்டர் அணைந்து எரியும், யாராவது கதவைத் தட்டி சர்க்குலர் கொண்டுவருவார். ஏழெட்டு நிமிஷத்துக்கே தயார் செய்யுங்கள். அதில் ஒரு கேள்வி, அதன் பதில், பதிலுக்கு வழி காட்டும் மூன்று விஷயங்கள். அவ்வளவுதான் கொள்ளும்.

ஒரு ஏ4 தாளை எடுத்து நான்காக மடியுங்கள். முதல் கட்டத்தில் கேள்வி, கடைசிக் கட்டத்தில் பதில். நடுவில் உள்ள இரண்டு கட்டங்களில் பதிலுக்குப் போகும் வழி. கட்டத்துக்குள் அடங்காததை வெட்டுங்கள். வெட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம், தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். யாராவது கேள்வி கேட்டால் உதவும்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் என்று போகும் அந்தப் பட்டியலைச் செமினாருக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று உண்டு. போகப் போகத் தேய்ந்து முடிவது. வகுப்பில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அறிமுகத்துக்கு ஐந்து நிமிஷம், வரலாற்றுக்கு மூன்று நிமிஷம், உண்மையான விஷயம் வரும்போது சார் கடிகாரத்தைக் காட்டுவார், "சோ... தட்ஸ் ஆல்" என்று முடியும். பதிலைக் கடைசிக் கட்டத்தில் முதலிலேயே எழுதிவைக்கச் சொல்வது இதற்காகத்தான். முடிவு எங்கே என்று தெரிந்தவர் வழியில் அதிக நேரம் நிற்க மாட்டார்.

எண்ணைக் கண்ணில் காட்டுங்கள்

புதியவர்கள் மிகவும் கோட்டை விடும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11.257 டிஎம்சி கொள்ளும் என்று ஸ்லைடில் போடுவார்கள். எண் சரிதான். ஆனால் கேட்பவருக்கு 11 டிஎம்சியும் 110 டிஎம்சியும் ஒன்றுதான். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி, லிட்டரில் சொன்னால் சுமார் 2,832 கோடி. இதுவும் மனதில் ஒட்டாது. சரி, ரயிலைக் கொண்டுவருவோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கம் வந்த தண்ணீர் ரயிலில் 50 வேகன்கள், மொத்தம் சுமார் 25 லட்சம் லிட்டர். அப்படியானால் ஒரு டிஎம்சியை ரயிலில் கொண்டுவர 11,300க்கும் மேற்பட்ட நடை ஓட்ட வேண்டும். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். நிரம்பிய செங்குன்றம் ஏரி 3.3 டிஎம்சி என்று அடுத்துச் சொன்னால், மீதிக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

இனி மொட்டை மாடிக் கணக்கு. இதை ஸ்லைடில் போடவே கூடாது, கரும்பலகையில் வகுப்போடு சேர்ந்து போட வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரி புரிந்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். 1,000 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. 93ஐ 1,400ஆல் பெருக்கினால் 1,30,200 லிட்டர். ஆவியாவது, வழிந்து போவது, முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,04,000 லிட்டர் தேறும். 25 லட்சத்தை இதால் வகுத்தால் 24.

24 வீடு, அதாவது ஒரு சின்னத் தெரு. ஒரு ரயில் தண்ணீர் என்பது அந்தத் தெருவின் மொட்டை மாடிகளில் ஒரு வருஷம் விழும் மழை. உங்கள் செமினார் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி நிற்கும் துணை.

வேறு பாடத்துக்கும் இதே வேலைதான். வணிகவியல் என்றால் வட்டிக் கணக்கை நண்பர்கள் வாங்கும் போன் இஎம்ஐயில் போட்டுக் காட்டலாம். தாவரவியல் என்றால் கல்லூரி வளாகத்து மரத்தின் இலையைப் பறித்துக்கொண்டு வரலாம். இலக்கியம் என்றால் எண்ணுக்குப் பதில் ஒரே ஒரு பாட்டு. அதைச் சரியாக, நிறுத்தி, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பத்துப் பாட்டின் பொருளைச் சுருக்கிச் சொல்வதைவிட அது மேல்.

கரும்பலகையா, திரையா?

படம், வரைபடம், புகைப்படம் திரைக்கு. கணக்கு, வரையறையின் முக்கியச் சொல், படிப்படியாக வளரும் எதுவானாலும் பலகைக்கு. நீங்கள் எழுதும் வேகத்திலேயே அவர்களும் நோட்டில் எழுதுவார்கள் என்பதால் பலகை தானாகவே உங்களை நிதானப்படுத்தும்.

புது சாக்பீஸை அப்படியே பிடித்து எழுதினால் கீச்சிடும், நுனியை உடைத்துக்கொள்ளுங்கள். இடது மேல் மூலையில் தொடங்குங்கள். எழுதும்போது பேசாதீர்கள், எழுதிவிட்டுத் திரும்பிப் பேசுங்கள். பலகையைப் பார்த்துப் பேசினால் குரல் பலகைக்கே போகும், மேலே ஓடும் ஃபேன் மீதியைத் தின்றுவிடும். முந்தைய நாள் மாலை வகுப்பு காலியாக இருக்கும்போது நாலு வரி எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்ப் பாருங்கள். எழுத்தின் அளவைப் பற்றி வேறு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

இப்போது ஸ்லைடு

ஏழெட்டு நிமிஷத்துக்கு ஐந்து ஸ்லைடு தாராளம். ரயிலின் புகைப்படம், நான்கு ஏரிகளும் இருக்கும் வரைபடம், மழைநீர்த் தொட்டியின் குறுக்குவெட்டுப் படம், பிறகு கேள்வியும் பதிலும் ஒவ்வொரு வரியாக. உங்கள் பெயர், பதிவு எண், கல்லூரி முத்திரை எல்லாம் துறையில் கேட்டால் மட்டும் போடுங்கள். எழுத்து 28 பாயின்டுக்குக் கீழே போக வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, லேப்டாப்பில் அழகாக இருந்தாலும், ஜன்னல் திரை இல்லாத வகுப்பில் காணாமல் போகும்.

தமிழில் ஸ்லைடு போடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்து ஏதோ தெரியும். எப்போதும் யூனிகோடில் தட்டுங்கள். லதா, நிர்மலா, நோட்டோ எதுவானாலும் சரி. கூடவே பிடிஎஃப் ஆக ஒரு பிரதியும் சேமியுங்கள். அது எந்தக் கணினியிலும் வைத்தது வைத்தபடி இருக்கும். பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள்.

பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ கேபிள்தான் இருக்கும், புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். நடுவில் போடும் கன்வெர்ட்டர் துறையில் இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது என்பதை முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். ஸ்லைடைத் தொடங்க எஃப்5. பவர்பாயின்ட் ஓடும்போது முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், இன்னொரு முறை அழுத்தினால் திரும்ப வரும். பலகையில் கணக்குப் போடும்போது இப்படித் திரையை அணைத்துவிட்டால் எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் வரும். இது பலருக்குத் தெரியாது.

எல்லா ஸ்லைடையும் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. வரிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அதை வேறு வேலைக்கு வையுங்கள்: "இந்தத் தலைப்பில் என் ஆசிரியர் கேட்கக்கூடிய கடினமான பத்துக் கேள்விகள் என்ன?" என்று கேளுங்கள். தருகிற எண்களை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், வேறு இடத்தில் சரிபாருங்கள்.

எந்த மொழியில்?

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி வகுப்பில் நிற்பவர்களுக்கு உண்மையான பயம் தலைப்பைப் பற்றி இருக்காது. மொழியைப் பற்றித்தான். அதனால் முழுதையும் ஆங்கிலத்தில் எழுதி, இரவு முழுக்க மனப்பாடம் செய்து, "குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் முதல் வரிக்குத்தான் திரும்ப வேண்டும்.

முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். வரையறைகளையும் கலைச்சொற்களையும் ஆங்கிலத்தில் சொல்லி, விளக்கத்தைத் தமிழில் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். வகுப்பில் அவர்களே அப்படித்தான் நடத்துகிறார்கள். முழுக்க ஆங்கிலம்தான் என்று சொல்லிவிட்டால், சின்னச் சின்ன வாக்கியமாக உங்கள் சொந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள். புத்தகத்தின் நீண்ட வாக்கியம் உங்கள் வாயில் நிற்காது. எந்த மொழியானாலும் மனப்பாடம் செய்ய வேண்டியது முதல் மூன்று வரியும் கடைசி இரண்டு வரியும் மட்டும். நடுவுக்கு மடித்த ஏ4 தாள் கையில் இருக்கட்டும். தாளைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதல் மூன்று வரி இப்படி இருக்கலாம்: "2019 ஜூலை 12. வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வருது. ஐம்பது வேகன், ஒரு பயணிகூட இல்ல, முழுக்கத் தண்ணி. இருபத்தஞ்சு லட்சம் லிட்டர். இது எத்தனை வீட்டு மொட்டை மாடியில ஒரு வருஷம் பெய்யற மழை? சும்மா ஒரு கெஸ் சொல்லுங்க."

அப்புறம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். இதுதான் கஷ்டமான பகுதி. மூன்று வினாடி அமைதி முப்பது வினாடி மாதிரி இருக்கும், பயத்தில் நீங்களே பதிலைச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். யாராவது ஒருவர் "ஆயிரம்" என்பார். பின்னாலிருந்து கிண்டலாக "ஒரு கோடி" என்று ஒரு குரல் வரும். இரண்டையும் பலகையின் ஓரத்தில் எழுதுங்கள், கிண்டலையும் சேர்த்துத்தான். தன் எண் பலகையில் இருக்கும்வரை அந்தப் பையன் போனை எடுக்க மாட்டான்.

ஒத்திகை

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, வாய்விட்டு, போனில் பதிவு செய்துகொண்டே பேசுங்கள். கேட்கும்போது நம் குரல் நமக்கே பிடிக்காது, எல்லாருக்கும் அப்படித்தான். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: எவ்வளவு நேரம் ஆகிறது, 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலா' எத்தனை முறை வருகிறது. அந்தச் சொற்களை ஒழிக்க முயன்றால் இன்னும் அதிகமாகும். அவை வரும் இடத்தில் நிறுத்திவிட்டு மூச்சு விடுங்கள், போதும்.

குழு செமினார் என்றால் ஆளுக்கு இரண்டு ஸ்லைடு என்று பங்கு போடாதீர்கள். ஒருவர் கேள்வி, ஒருவர் கணக்கு, ஒருவர் பதில் என்று வேலையால் பிரியுங்கள். ஒருவராவது வராமல் போகும் வாய்ப்பு உண்டு, அதனால் எல்லாரும் முழுதையும் ஒரு முறை பேசிப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கு

பத்து நிமிஷம் முன்னால் போய்க் கேபிளை மாட்டிப் பாருங்கள். லைட்டை அணைக்கவும் ஸ்லைடை மாற்றவும் நண்பர் ஒருவரை லேப்டாப் பக்கம் உட்கார வையுங்கள். இடது, வலது, பின்னால் என்று மூன்று நட்பான முகங்களை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு அந்த மூவருக்கும் மாறி மாறிப் போனால், வகுப்பு முழுதையும் பார்ப்பது மாதிரியே இருக்கும். கை நடுங்கினால் தாளைப் பிடிக்காதீர்கள், தாள் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். சாக்பீஸ் கையில் இருந்தால் யாருக்கும் தெரியாது.

கரண்ட் போனால் கவலைப்பட உங்களுக்கு ஒன்றும் இல்லை. கணக்கு பலகையில், கதை வாயில். ஃபேனும் நின்றுவிடும் என்பதால் அன்று உங்கள் குரல் இன்னும் நன்றாகவே கேட்கும்.

கேள்வி நேரம்

"எனி டவுட்ஸ்?" என்று கேட்டால் பதில் அமைதிதான். 'தேங்க் யூ' ஸ்லைடையும் விட்டுவிடுங்கள், கேள்வி நேரம் முழுதும் அந்தப் பூங்கொத்துப் படம் திரையில் நிற்பதில் யாருக்கும் பயன் இல்லை. பதிலும் கணக்கும் இருக்கும் ஸ்லைடு நிற்கட்டும். அதைக் காட்டி, "இந்தக் கணக்கில் எனக்கே ஒரு இடத்தில் சந்தேகம் இருக்கு, உங்களுக்கும் தோணுதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டையைக் கண்டுபிடிக்க எல்லாருக்கும் ஆசை.

நம் எடுத்துக்காட்டில் ஓட்டை இருக்கிறது. சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். ஒரு லட்சம் லிட்டரை எந்த வீட்டுத் தொட்டியில் தேக்குவது? சார் இதைக் கேட்பார் என்று முன்பே எதிர்பார்த்திருந்தால், தாளின் பின்பக்கம் பதில் இருக்கும்: தொட்டி கொண்டது போக மீதியைக் கிணற்றிலோ நிலத்திலோ இறக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதில் நிலத்தடி நீரை ஏற்றுவதும் அடக்கம்.

எதிர்பார்க்காத கேள்வியும் வரும். யூகித்து மழுப்பினால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். "அதை நான் பார்க்கலை சார், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கேள்வியை அவர் கண்முன்னே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரியே தேடி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரியில் பதிலைப் போடுங்கள். நாலு நாள் கழித்துப் போட்டால், யார் என்ன கேட்டார்கள் என்பதே குழுவில் ஒருவருக்கும் நினைவிருக்காது.